எரிச்சலுள்ள தேவனும் இரண்டாம் புருஷனும்

பால் பொங்கி வழிந்தால் எங்கள் சாந்தோம் வீடுகளில் பெண்கள் "சேசு மரி சூசை!" என்று கத்துவார்கள். என் மனைவி "அதோனாய்!" என்றாள். கல்யாணமாகி அவள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு காலை அது. நான் கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்தேன். கத்தி தாடையில் அப்படியே நின்றுவிட்டது. அது யார் என்று கேட்டேன்.

"எபிரேய பாஷையில ஆண்டவரோட பேருங்க" என்றாள், அடுப்பைத் துடைத்தபடி. "அவர் சொல்லிக்கொடுத்தது."

அந்த அவர் நான் இல்லை. நான் அவளுக்கு இரண்டாம் புருஷன். முதலாமவர் லுத்தரன் சபைக்காரர். தரங்கம்பாடிப் பக்கம் ஒரு ஜெர்மன் ஐயரிடம் எபிரேயம் படித்தவர். அவர்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். மயிலாப்பூரில் அப்படிச் சொன்னால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவர் பட்டணத்துக்கு வந்து வேதபாட ஆசிரியராக இருந்து, கல்யாணமான சில வருஷங்களில் டைபாய்டில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. அவள் ராயப்பேட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தாள். நான் சாந்தோமில் பங்குக் கோயில் பள்ளியில் தமிழ் வாத்தியார், முப்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. டிராமில் பார்த்துப் பழகி, நானாகவே பெண் கேட்டுப் போனேன். பங்குச் சாமியார் அவளைக் கத்தோலிக்கத்தில் சேர்த்துக் கல்யாணத்தை மந்திரித்து வைத்தார். "வாத்தியார் அறுத்துக் கட்டுறவளைப் பிடிச்சிருக்கார்" என்று கோயில் வாசலில் பேசினார்கள். பேசட்டும் என்று தலை நிமிர்ந்து நடந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. சீர்திருத்தம் என்ற சொல்லுக்கே ஒரு மினுக்கு இருந்த காலம். சீர்திருத்தவாதிக்கும் வயிறு எரியும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

வயிறு எரிந்தது. அதை மறைக்க நான் முனிவன் இல்லை. தமிழில் சக்களத்தி என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு மற்றவள் மேல் வரும் எரிச்சலுக்குப் பாட்டும் கதையும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. ஆணுக்கு அப்படி ஒரு சொல் கிடையாது. இத்தனை வருஷம் தமிழ் நடத்திய எனக்கு என் நிலைமைக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. உயிரோடு இருப்பவன் என்றால் தெருவில் பார்த்து முறைக்கலாம். செத்துப்போன பசு கலம் கலமாய்ப் பால் கறந்தது என்பார்கள். அந்தப் பசுவோடு யார் போட்டி போடுவது?

மாலையில் ஜெபமாலை சொல்லும்போது நாங்கள் சர்வேசுரா என்போம். அவள் வாய் பழக்கத்தில் பராபரனே என்று தொடங்கிப் பாதியில் திருத்திக்கொள்ளும். லுத்தரன்களுக்குக் கடவுள் பராபரன், மற்றச் சபைக்காரர்களுக்குத் தேவன், எங்களுக்குச் சர்வேசுரன். சின்ன வயதில் நான் இவர்கள் மூவரும் வேறு வேறு ஆட்கள் என்றும், எங்களுடையவர்தான் பெரியவர் என்றும் நம்பிக்கொண்டிருந்தேன். இவை போதாதென்று இப்போது என் வீட்டுக்குள் எபிரேயப் பெயர்களும் வந்து சேர்ந்தன. இடி இடித்தால் ஷத்தாய். தலைவலிக்கு ஏலோஹீம். நல்ல சேதி வந்தால் எலியோன். ஒவ்வொரு பெயரையும் அவன் ஒரு சாப்பாட்டு வேளையில், ரசம் ஊற்றிக்கொண்டே சொல்லிக்கொடுத்திருப்பான் என்று எனக்குத் தோன்றும். அவள் ரசம் ஊற்றும்போதெல்லாம் தோன்றும்.

அவளுடைய டிரங்குப் பெட்டியில் அவனுடைய எபிரேய வேதாகமம் இருந்தது. கறுப்பு அட்டை, தலையணை கனம், பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் திறக்கிற புத்தகம். எங்கள் பக்கத்தில் அந்நாளில் வேதாகமத்தை வீட்டில் வைத்துப் படிக்கும் வழக்கம் அதிகம் இல்லை. செபப் புத்தகம் போதும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவள் அதை எடுத்துத் தூசி தட்டி வெயிலில் வைப்பாள். படிக்கத் தெரியாது, தூசி தட்ட மட்டும்தான் தெரியும். என் வேட்டியை வெயிலில் போடும்போது அவள் அத்தனை கவனமாகப் போட்டதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. அவள் அவன் பெயரைச் சொன்னதே இல்லை.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் ஊரில் இந்து, கிறிஸ்தவர் எல்லாருக்கும் பொது. எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி. அவள் புருஷன் பெயரும் ராயப்பேட்டையும் ஒரே மாதிரித் தொடங்கும். அதனால் அவள் ராயப்பேட்டை என்று சொல்லவே மாட்டாள். "ஆஸ்பத்திரி கீதே, அந்தாண்ட போய்க்கினு இருந்தேன்" என்பாள். என் மனைவியும் என் பெயரைச் சொல்லமாட்டாள். அது எனக்குப் பெருமை. ஆனால் அவன் பெயரையும் அல்லவா சொல்ல மறுத்தாள்! அவன் பெயர் ஒரு தீர்க்கதரிசியின் பெயர். பள்ளியில் வேதபாட வேளையில் அந்தத் தீர்க்கதரிசியின் கதை வந்தால் பக்கத்து வகுப்பு டீச்சரை நடத்தச் சொல்லிவிட்டு அவள் கணக்குப் போடப் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியவந்தது. செத்து அத்தனை வருஷம் ஆனவனுக்கு இன்னும் எந்த ஆயுசைக் காப்பாற்றுகிறாள்? பெயரைச் சொல்லாத வரைக்கும் அவன் புருஷன்தான். வீட்டில் இரண்டு அவர் இருந்தோம். நான் பின்னால் வந்தவர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் பெயரின் கடைசியில் ஏல் இருக்கிறது. எபிரேயத்தில் ஏல் என்றால் கடவுள் என்று அவளே ஒருநாள் வெகுளியாகச் சொன்னாள். ஆக அவன் பெயருக்குள் கடவுளே குடியிருக்கிறார். என் பெயர் எங்கள் தாத்தாவுக்கும் தாத்தாவுக்குப் போர்த்துகீசியர் கொடுத்தது. அதற்குள் போர்த்துகீசியர் மட்டும்தான் இருக்கிறார்கள்.

அவனை அவன் களத்திலேயே ஜெயிப்பது என்று முடிவு செய்தேன். அடையாற்றுக்கு அக்கரையில், பெரிய ஆலமரம் இருக்கிற தோட்டத்துக்குள், எல்லா மதத்துப் புத்தகங்களும் அடுக்கிய நூல்நிலையம் ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் பாலத்தின் மேல் நடந்து அங்கே போவேன். காற்று குடையைப் பிடுங்கும். எபிரேய எழுத்துகளைக் கற்க முயன்று, புள்ளிகளில் சிக்கிக் கைவிட்டேன். ஆனால் ஆங்கிலத்தில் எபிரேயப் பண்டிதர்கள் எழுதிய தடித்தடியான புத்தகங்கள் இருந்தன. அவற்றில் எனக்கு அமுதம் கிடைத்தது.

அவர்கள் சொன்னதன் சாரம் இது. வேதாகமத்தின் கடவுளுக்கு இத்தனை பெயர்கள் வந்ததற்குக் காரணம், ஆதியில் அவர்கள் தனித்தனிக் கடவுளர்களாக இருந்திருக்கலாம் என்பது. ஏல் என்பவர் அந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லாருக்கும் பொதுவான பழைய பெரியவர். சீரியா நாட்டுக் கடற்கரையில் அப்போதுதான் மண்ணைத் தோண்டிக் களிமண் பலகைகளை எடுத்திருந்தார்கள். அவற்றில் இந்த ஏல் மனைவி மக்களோடு சபை கூட்டி வீற்றிருக்கிறாராம். எலியோன் ஓர் ஊரில் கொலுவிருந்தவர். ஷத்தாய் ஒருவேளை மலைத்தெய்வம். ஏலோஹீம் என்ற சொல்லே பன்மை உருவம், வினை மட்டும் பெரும்பாலும் ஒருமை. கடைசியாகத் தெற்கே பாலைவனத்திலிருந்து வந்தவர்தான் நாலெழுத்துப் பெயர்க்காரர். உங்கள் முன்னோருக்கு ஷத்தாய் என்றுதான் அறிமுகமானேன், இந்தப் பெயரை அவர்களுக்குச் சொல்லவில்லை என்று அவரே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். வந்தவர் முன்னால் இருந்தவர்களின் பெயர்களை எல்லாம் தம் பட்டங்களாக்கிக்கொண்டார். அந்த நாலெழுத்தை மட்டும் யாரும் வாயால் சொல்வதில்லை. புத்தகத்தில் அது வரும் இடத்தில் அதோனாய், ஆண்டவர், என்று மாற்றிப் படிப்பார்கள்.

எல்லாப் பண்டிதர்களும் இதை ஒப்பவில்லை. ஒரே கடவுளின் பல குணங்களுக்குப் பல பெயர்கள் என்று வாதிட்டவர்களும் அதே அலமாரியில் இருந்தார்கள். அவர்களை நான் அலமாரியிலேயே விட்டுவிட்டேன்.

பின்னால் வந்த அந்தக் கடவுளிடம் எனக்கு ஒரு சொந்தம் ஏற்பட்டுவிட்டது. பிறர் குடியிருந்த வீட்டுக்குள் வந்தவர். முன்னவர்களின் வாசனை ஒவ்வொரு மூலையிலும் வீசுகிறது. அதனால்தான் தம்மை எரிச்சலுள்ளவர் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். எங்கள் சாமியார்கள் அந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போவார்கள். எனக்கு அது தெளிவாகப் புரிந்தது.

இதைப் படித்த அன்று மாலையே வீட்டில் கச்சேரி ஆரம்பித்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்ன சொன்னார்? இத்தனை பேரும் ஒரே ஆண்டவரோட பேருன்னுதானே?"

"ஆமாங்க."

"தப்பு. நாலு பேருன்னா நாலு சாமி. பெரிய பெரிய படிப்பாளிங்க எழுதியிருக்காங்க. அவருக்கு அது தெரியலை."

அவள் கீரையிலிருந்து ஒரு பூச்சியை எடுத்துத் தள்ளிப் போட்டாள். "எங்க அம்மா என்னைப் பாப்பான்னு கூப்பிட்டாங்க. ஸ்கூல்ல டீச்சருங்கிறாங்க. மீன்காரம்மா தாயிங்குது. நீங்க இந்தாங்கிறீங்க. நான் என்ன நாலு பொம்பளையா?"

"அது வேற. வேற சாமியே கிடையாதுன்னா இவர் ஏன் எரிச்சல்படணும்? ஒண்டியா இருக்கிறவன் யார் மேல எரிச்சல்படுவான்? சொல்லு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, கரும்பலகையில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"நீங்க யார் மேல எரிச்சல்படறீங்க? அவர் இருக்காரா இப்போ?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். லஸ் வரைக்கும் நடந்து, ஒரு காபி குடித்துவிட்டு, அதே கோபத்தோடு திரும்பினேன். கீரைப் பொரியல் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் தோற்றவன் ஊரில் ஜெயிக்கப் பார்ப்பான். கச்சேரி ரோட்டில் எனக்கு ஒரு வக்கீல் சிநேகிதர் இருந்தார். குளத்தங்கரைப் பக்கம் ஒரு வாசகசாலையை நடத்தியவர்களில் ஒருவர். மாதம் ஒரு பிரசங்கம் அங்கே உண்டு. எபிரேயரின் கடவுட்பெயர்களைப் பற்றி நான் பேசுகிறேன் என்றேன். அவருக்கு ஒரே குஷி. பெண்களுக்கும் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் என் மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்கவேண்டும் என்றுதான் நான் பேசினேன். அவனைப் பெயர் சொல்லாமல், பழைய பள்ளி வேதபாட ஆசிரியர்கள் என்று பொதுவாக நான்கு இடத்தில் இடித்தேன்.

பிரசங்கம் அமோகமாகப் போயிற்று, நான் எதிர்பார்த்த திக்கில் இல்லை. மயிலாப்பூர் வக்கீல்கள் ஒவ்வொரு கடவுளுக்கும் கைதட்டினார்கள். தேவசபை நடுவில் கடவுள் எழுந்து நிற்பதாக ஒரு சங்கீதம் இருக்கிறது என்றதும் முன்வரிசையில் இருந்தவர் தொடையில் தட்டிக்கொண்டார். முடிந்ததும் சிநேகிதர் என் தோளில் கை போட்டார்.

"ஓய் வாத்தியாரே! இத்தனை நாளா எங்களைப் பார்த்து முப்பத்துமுக்கோடின்னு கேலி பண்ணிண்டு இருந்தேளே, உங்காத்துலயும் அதே கூட்டம்தானா? பேஷ், பேஷ்!"

கூட்டம் சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நான் அவனை அடிக்கப் போய் என் வேதத்தையே இவர்கள் கையில் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாளே பங்குச் சாமியாருக்குச் சேதி போய்விட்டது. "வாத்தியாரே, நீர் இலக்கணம் நடத்தும். கடவுளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அனுப்பிவிட்டார். நல்ல மனுஷர், அதோடு விட்டார்.

ஆனால் அன்று படியிறங்கும்போது வக்கீல் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் எனக்குள் ஒட்டிக்கொண்டது. "அந்த நாலெழுத்துக்காரர்தான் சமர்த்தர், ஓய். மத்தவா பேரெல்லாம் எல்லார் வாயிலயும் அடிபடறது. இவர் பேரை எவனும் சொல்லப்படாதுன்னு வெச்சுட்டார். அதான் ஜெயிச்சுட்டார். பேர் வெளியில வந்துட்டா சாமி கடைத்தெருவுக்கு வந்துடும்."

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அதையே அசைபோட்டேன். என் எதிரியின் பலம் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. அவன் படிப்பில் இல்லை, பெட்டியில் இருந்த புத்தகத்திலும் இல்லை. அவன் பெயரை அவள் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை வெளியே வரவழைத்துவிட்டால் போதும், மற்றக் கடவுளர்களைப் போல அவனும் கடைத்தெருவுக்கு வந்துவிடுவான்.

அதற்கு வழி எங்கள் கோயிலிலேயே இருந்தது. நவம்பரில் கல்லறைத் திருநாள். அன்று காலைப் பூசைக்கு முன்னால், சாமியாருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் கோயிலின் பக்கவாசலில் மேசை போட்டு உட்காருவார். செத்தவர்களின் பெயர்களைக் குடும்பத்தார் ஒவ்வொருவராக வந்து சொல்லவேண்டும்; அவர் எழுதிக்கொண்டு பூசையில் உரக்க வாசிப்பார். அந்த ஆத்துமாக்களுக்காக ஊரே வேண்டிக்கொள்ளும்.

"அவருக்கும் ஒரு பூசை வேண்டிக்கலாமே" என்றேன், குரலில் தேனைத் தடவிக்கொண்டு.

"எங்கள்ல செத்தவங்களுக்கு ஜெபம் பண்றதில்லைங்களே."

"உங்கள்ல என்ன உங்கள்ல? நீ இப்போ கத்தோலிக்கம். மோட்சத்துக்குப் போக முடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல அந்த மனுஷர் தவிச்சுக்கிட்டு இருந்தா என்ன பண்றது?"

அவன் தவிக்கிறான் என்ற எண்ணம் அவளை அசைத்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. அதற்கும் எனக்கு எரிந்தது. கடைசியில் சரி என்றாள்.

திருநாளன்று தூறல். கல்லறைகளில் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து எரிந்தது. பக்கவாசலில் வரிசை நீளமாக நின்றது. விதவைகள் ஒவ்வொருத்தியும் மகனையோ மகளையோ முன்னால் தள்ளுவார்கள்; பிள்ளை அப்பன் பெயரைச் சொல்லும். எங்கள் மீன்கார அம்மாளுக்கு அந்த ஆவணியில்தான் புருஷன் கடலில் போயிருந்தான். அவள் உபதேசியாரிடம், "இன்னா நைனா, ஒனக்குத் தெரியாதா? எங்க பெரியவனோட அப்பன்னு எய்து" என்று அதட்டினாள். அவரும் எழுதிக்கொண்டார். அந்தப் பங்கில் செத்தவர்கள் அத்தனை பேரையும் அவருக்குத் தெரியும். லுத்தரன்காரனைத் தெரியாது. என் மனைவிக்கு முன்னால் தள்ளப் பிள்ளையும் இல்லை, அந்த வீட்டிலும் இல்லை, இந்த வீட்டிலும் இல்லை. நான் அவளுக்குப் பின்னால் ஒட்டி நின்றேன். என்னையே சொல்லச் சொல்லி அவள் திரும்பிப் பார்த்தாள். நான் குடையைப் பார்த்துக்கொண்டேன்.

"பேர் சொல்லும்மா" என்றார் உபதேசியார்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு சொன்னாள்.

எப்படிச் சொன்னாள் என்பதை எழுதத்தான் இத்தனையும் எழுதுகிறேன். மெல்ல, எழுத்துக்கு எழுத்து இடம் கொடுத்து, தூங்குகிற குழந்தையைக் கட்டிலில் கிடத்துகிற மாதிரிச் சொன்னாள். கடைசியில் இருந்த அந்த ஏல் கொஞ்சம் நீண்டது. உபதேசியாருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அவர் ஏதோ தப்பாகத் திருப்பிச் சொல்ல, அவள் திருத்தி மறுபடியும் சொன்னாள். இரண்டாம் தடவை குரல் இன்னும் தெளிந்திருந்தது. நான் கடைத்தெருவுக்கு இழுத்து வரப் பார்த்தவன் என் கண் முன்னால் பல்லக்கில் போனான்.

பூசையில் உபதேசியார் மீனவர்கள், சமையற்காரர்கள், தபால்காரர்கள் என்று வரிசையாக வாசித்து வந்தார். அவன் பெயர் வந்தபோது அவள் தலை நிமிர்ந்தது. நான் ஒரு செபமும் சொல்லவில்லை. எனக்கு வேறொன்று உறைத்துக்கொண்டிருந்தது. என் பெயர் அந்தக் குரலில் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள்கூட அவள் அதைச் சொன்னதில்லை. சொல்லாததுதான் மரியாதை என்று நானே மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து கடற்கரை ஓரமாக நடந்தோம். தூறல் விட்டிருந்தது. கட்டுமரங்களைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லை.

"என் பேரையும் ஒரு தடவை சொல்லேன்" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். "என்னங்க இது?"

"இங்க யாரும் இல்லை. ஒரு தடவை. எனக்குக் கேக்கணும்."

"சொல்லமாட்டேன்."

"அவன் பேரை மட்டும் ரெண்டு தடவை சொன்னே?"

என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "அவன் பேர்ல சாமி இருக்குது. என் பேர்ல என்ன இருக்குதுன்னு சொல்லமாட்டேங்கிறே? சொல்லு."

அவள் கண் நிறைந்திருந்தது. கோபத்தாலா வருத்தத்தாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நீங்கதான் சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். இத்தனை வருஷம் வாயிலேயே வெச்சிருந்தேன். இன்னிக்குச் சொன்னதோட அவர் போயிட்டார். செத்தவங்க வரிசையில போய் நின்னுட்டார், உபதேசியார் வாசிச்சும் முடிச்சிட்டார். உங்களையும் அந்த வரிசைக்கு அனுப்பச் சொல்றீங்களா? நீங்க இருக்கீங்க. இருக்கிறவர் பேரை நான் சொல்லமாட்டேன்."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று அவள் சொன்ன மாதிரிதான் இருந்தது. பட்டியலில் இருக்கிறவனைவிட இல்லாதவன் மேல். நாலெழுத்துக்காரருக்கும் அதுதான் கதி. போனவர்களின் பெயர்கள்தாம் எல்லார் வாயிலும் புழங்குகின்றன, இருக்கிறவர் பெயர் புழங்குவதில்லை. புத்திக்கு எல்லாம் விளங்கியது. வயிற்றுக்கு விளங்கவில்லை. எனக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவள் தானாகவே வரிசையில் நின்று அவன் பெயரைக் கொடுத்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை. நான் பின்னால் நின்று கேட்டேன். வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிட்டிருக்கலாம், முடியவில்லை. வேறொருவன் பெயரானாலும் பெயர் சொல்லும் அவள் குரல் அது ஒன்றுதான். மற்றபடி நன்றாக இருந்தோம். பால் பொங்கினால் இப்போது "சேசு மரி" என்று கத்தக் கற்றுக்கொண்டுவிட்டாள். சூசையப்பரை எப்போதும் விட்டுவிடுவாள்.

முப்பதுகள் முடிகிற தறுவாயில், ஒரு தை மாதம், நிமோனியாக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை. கடைசி நாள் காய்ச்சலில் ஏதேதோ பிதற்றினாள். எபிரேயப் பெயர்கள் வந்தன, பள்ளிப் பிள்ளைகளின் பெயர்கள் வந்தன, அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டாள். நான் வாயோடு காதை வைத்துக்கொண்டு பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிதற்றலிலும் என் பெயரை அவள் சொல்லவில்லை. "இங்க பாருங்க" என்றாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நான் ஒருவனாகப் போனேன். பக்கவாசலில் அதே மேசை, அதே உபதேசியார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க வாத்தியாரே. டீச்சரம்மா வருஷா வருஷம் கொடுப்பாங்களே ஒரு பேரு, அத நானே எழுதிட்டேன். மறந்துடுவேனா?" பேனாவைத் தொட்டுக்கொண்டு தாளில் இடம் பார்த்தார். "டீச்சரம்மா பேரை அதுக்குக் கீழயே போட்டுடறேன். சேர்த்து வாசிச்சுடலாம், இல்லீங்களா?"

தாளைப் பார்த்தேன். அவன் பெயர். அதற்குக் கீழே வெற்று வரி. இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் வாசிப்பார், ஊர் முழுக்கக் கேட்கும், புருஷன் பெண்டாட்டியை வாசிக்கிற மாதிரி.

"எழுதாதீங்க" என்றேன்.

"ஏன் வாத்தியாரே? ஆத்துமா அங்க காத்துக்கினு இருக்குமே."

"காத்துக்கிட்டு இருக்கட்டும்" என்றேன். "நான் வர்ற வரைக்கும்."